அணைக்காத சூடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத உட்காருவேன். இரண்டு வரி ஓடும். பிறகு அரிசி களைய வேண்டும் என்று எழுந்து போய்விடுவேன். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. எழுதினால் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வந்தவள் போல ஆகிவிடும். என் நாத்தனார் உயிரோடு இருந்தவரைக்கும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. இப்போது அவர் இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பேசுவதும் தப்புத்தானோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்போது நாங்கள் ஜோகூர் மாநிலத்தில், சிகாமட்டில் ஆற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளம் புதிது இல்லை. மழை விடாமல் பெய்தால் மெத்தையைத் தூக்கி மேசை மேல் போடுவோம், துணிமணியை மூட்டை கட்டுவோம், லாரி வந்தால் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். தண்ணீர் வடிந்ததும் வந்து சேற்றைக் கழுவுவோம். அந்த வருஷமும் அப்படித்தான் நினைத்தோம்.

லாரி சந்தி முனையில் நின்றது. நான் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

“மருந்து டப்பாவ விட்டுட்டேன். நீ ஏறு, நான் எடுத்துட்டு வந்துர்றேன்.”

“வேணாங்க. அங்க டாக்டர் வருவாங்க, கேட்டுக்கலாம்.”

“முட்டிக்குத்தான் தண்ணி. பக்கம்தானே லா. நீ ஏறி எனக்கு இடம் புடி.”

போனார். லாரி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, தண்ணீர் ஏறுகிறது, அடுத்த லாரியில் அவர் வருவார் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அடுத்த லாரியில் அவர் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தீயணைப்புப் படையான பொம்பா ஆட்கள்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்க வேலியில் சிக்கியிருந்தார். மருந்து டப்பா கையில் இல்லை. சட்டைக்குள்ளே ஒரு துண்டு, துண்டுக்குள்ளே என் காமாட்சி விளக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் காலையும் மாலையும் ஏற்றிய விளக்கு அது. நான் அதைக் கேட்கவில்லை. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மருந்துக்குப் போனவர் அதை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிறேனே தவிர, தெரியும். நான் அது இல்லாமல் தவிப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

போலீஸ்காரர் நடந்ததைக் கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார். அவர் என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குத்தான் அது பத்தவில்லை.

என் நாத்தனார், அவருடைய அக்கா, சிம்பாங் ரெங்கத்தில் இருந்தார். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். சவத்தின் மேல் விழுந்து அழுதவர், நிமிர்ந்ததும் அந்த விளக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “வெளக்குக்கா என் தம்பிய அனுப்புன?” என்றார். நான் இல்லை என்று சொன்னேன். அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அதன் பிறகு கதை நடக்க ஆரம்பித்தது. சிகாமட்டில் அது பித்தளை விளக்காக இருந்தது. குளுவாங் போய்ச் சேர்ந்தபோது வெள்ளி விளக்கு. ஜோகூர் பாருவில் ஒரு கல்யாண வீட்டில், என்னை யாரென்று தெரியாத ஒரு அம்மா என்னிடமே சொன்னார், நகைப் பெட்டியை எடுத்து வரச் சொல்லிப் புருஷனை வெள்ளத்தில் அனுப்பிய ஒருத்தி இருக்கிறாளாம். நான் சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எனக்கு இருப்பது ஒரே மகன். ஜோகூர் பாருவில் பெர்மாஸ் ஜெயா பக்கம் ஃபிளாட் வாடகைக்கு எடுத்து, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தான். என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டான். நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டான். ஆனால் நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டான். தட்டைப் பார்ப்பான், கைப்பேசியைப் பார்ப்பான். அவனுக்குள்ளும் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. உலகம் முழுக்க என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அவன் நம்ப வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

விளக்கைத் துலக்கி அலமாரி மேல் வைத்திருந்தேன், ஏற்ற முடியவில்லை. திரி போடுவேன், எண்ணெய் ஊற்றுவேன், தீக்குச்சியை எடுக்கும்போது அந்த வேலி கண்முன் வந்துவிடும். சாமி கும்பிடாமல் ஒரு நாள் கூட இருந்திராதவள் மாதக்கணக்கில் அப்படி இருந்தேன்.

அந்த ஃபிளாட்டில் முன்பு குடியிருந்தவர் ஒரு பெட்டி புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். எல்லாம் இங்கிலீஷ். தூக்கிப் போடலாம் என்று எடுத்தபோது ஒன்றில் ஒரு படம் கண்ணில் பட்டது. ஒரு வெறும் அறை. பெஞ்சுகளில் ஆண்களும் பெண்களும் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சிலுவை இல்லை, விளக்கு இல்லை, பூ இல்லை, பூசாரி இல்லை. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதோ சாவு வீடு என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது அவர்கள் சாமி கும்பிடுகிற படம்.

அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. என் நிலைமையும் அப்படித்தானே இருந்தது? முன்னால் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் இங்கிலீஷ் ரொம்பச் சுமார். ஒரு பக்கத்தைப் படிக்கக் காலைப்பொழுது போய்விடும். தெரியாத வார்த்தையைக் கைப்பேசியில் பார்ப்பேன். சில பத்திகள் எத்தனை தடவை படித்தும் பிடிபடாது, விட்டுவிடுவேன். அப்படித்தான் குவேக்கர்கள் என்கிற அந்த ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன்.

முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்தில் தோன்றியவர்கள். கடவுளின் வெளிச்சம் ஒவ்வொரு மனுஷருக்குள்ளும் இருக்கிறது, நடுவில் பாதிரியார் தேவையில்லை என்று நம்பினவர்கள். கூடி உட்காருவார்கள், மௌனமாக இருப்பார்கள், உள்ளே யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார்கள், பெண்களும் சொல்லலாம். பெரிய மனுஷர் முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். அதற்கே அடி வாங்கினார்கள். ஊர் வைத்த கேலிப் பெயர்தான் குவேக்கர், அதாவது நடுங்குகிறவர்கள். அவர்கள் தங்களை நண்பர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் யாரோ வேற்றூர்க்காரர்கள் கதை என்றுதான் படித்துக்கொண்டு போனேன். பிறகு சத்தியத்தைப் பற்றிய அத்தியாயம் வந்தது.

அவர்கள் கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டார்கள். செய்யக்கூடாது என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறது என்பது ஒன்று. இன்னொன்று, சத்தியம் பண்ணினால்தான் நான் சொல்வது உண்மை என்றால், சத்தியம் பண்ணாத நேரத்தில் நான் சொன்னதெல்லாம் என்ன? உண்மையில் இரண்டு தரம் இருக்கிறதா? அதனால் இல்லை என்றால் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். இது அதிகாரிகளுக்கு வசதியாகப் போய்விட்டது. பிடித்து வந்த குற்றம் நிற்காது என்று தெரிந்தால், கடைசியில், ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் பண்ணு என்பார்களாம். பண்ண மாட்டான் என்று தெரிந்தே கேட்பது. மறுத்ததும் அதுவே குற்றம். சொத்து போகும், சிறை. அந்தக் காலத்துச் சிறை சேறும் அழுக்கும் காய்ச்சலுமாக இருந்தது. எத்தனையோ பேர் அங்கேயே செத்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டில் பெண்டாட்டி பிள்ளை காத்திருந்தார்கள்.

ஒரு ஊரில் பெரியவர்கள் எல்லாரையும் அடைத்த பிறகு, பிள்ளைகளே கூடி மௌனமாக உட்கார்ந்து அந்த வழிபாட்டை விடாமல் நடத்தினார்களாம். அடித்து விரட்டியும் திரும்ப வந்து உட்கார்ந்தார்களாம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து அழுதேன். அந்தப் பிள்ளைகள் பெற்றவர்களை நம்பியிருக்கிறார்கள்.

அவர்களைத் தெய்வமாகவும் நினைத்துவிடவில்லை. அமெரிக்காவுக்குப் போனவர்களில் நிறைய பேர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அதே மௌன அறையில் வந்து உட்கார்ந்துகொண்டுதான் வைத்திருந்தார்கள். அவர்களுக்குள்ளேயே ஒரு தையல்காரர், அடிமைகளின் உழைப்பில் வந்த சாயம் வேண்டாம் என்று சாயம் போடாத துணியை உடுத்திக்கொண்டு, வீடு வீடாகப் போய் அது பாவம் என்று சொன்னாராம். எல்லாரும் விடுவதற்குள் அவர் செத்தே போய்விட்டார். என் தாத்தாவைக் கப்பலில் ஏற்றி ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்த துரைமார்களும் ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட்டவர்கள்தான். அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. வருத்தமாக இருந்தது.

வருஷத் திதி நெருங்கியது. ஒரு நாள் மகன் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, தட்டின் முன் உட்கார்ந்து சொன்னான்.

“திதிய அத்தை தோட்டத்துக் கோயில்ல வெக்கலாம்ங்கிறாங்க.”

“வெக்கலாம்.”

“அப்படியே... நீங்க அங்க சூடம் அணைச்சிட்டா நல்லதுன்னாங்க.”

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் சூடத்தைக் கொளுத்தி, சாமி முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அது சத்தியம். அதற்கு மேல் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பம் விளங்காது. பெரிய பெரிய சண்டையெல்லாம் அப்படித் தீர்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

“உனக்கு என்னாப்பா தோணுது?” என்று கேட்டேன்.

“ஒரு செகண்ட் வேலை ம்மா. அத்தோட எல்லார் வாயும் மூடிக்கும்.”

“உன் வாயி?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுவிட்டார்கள். முனியாண்டி கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. திதி அன்றைக்கு அங்கே படையல் முடிந்தது. பூசாரி திருநீறு கொடுத்தார். உடனே நாத்தனார் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தி என் முன்னால் நீட்டினார்.

“உன்னைத் திட்டவா கூப்புட்டேன்? கைய வெச்சி அணைச்சிரு. நானும் நிம்மதியாத் தூங்குவேன்.”

“அண்ணி, நான் அனுப்பலே. மருந்துக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. வேணாம்னுதான் சொன்னேன்.”

“அதத்தான் சூடத்துல சொல்லுங்கிறேன்.”

“இப்பவும் முனியாண்டி முன்னாலதானே நிக்கிறேன். அவருக்குக் கேக்குதுதானே.”

“அவருக்குக் கேக்கும். எனக்குக் கேக்கணும்.”

“வீட்ல சொன்னா பொய்யி, சூடத்துல சொன்னா மெய்யா அண்ணி? அப்படின்னா நான் இத்தன வருசம் உங்ககிட்டப் பேசுனதெல்லாம் என்னா?”

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பையன் சொன்னான். என்னமோ வெள்ளக்காரன் வேதம் படிக்கிறியாம். அதான் கை சூடத்துகிட்ட வர மாட்டேங்குது. மதம் மாறிப் போனவங்கதானே சூடத்தத் தொட மாட்டாங்க.”

“நான் மாறலே அண்ணி.”

“மாறலேன்னா அணை.”

மகன் என் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னான். “ம்மா. எனக்காக.”

அந்த நேரத்தில் என் கை உயர்ந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, உயர்ந்தது. ஆனால் எனக்காக என்று அவன் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. அணைத்தால் அவன் நம்புவது நெருப்பையா, என்னையா? இனி எதைச் சொன்னாலும் அவன் கண் என் கையைத்தானே பார்க்கும்? கையை இறக்கிவிட்டேன்.

“யம்மா, சூடம் வீணாப் போவுது, யாராச்சும் ஒண்ணு பண்ணுங்க,” என்றார் பூசாரி.

யாரும் ஒன்றும் பண்ணவில்லை. அது தானாக எரிந்து தட்டில் கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டு அணைந்தது. நாத்தனார் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை அது.

அதிலிருந்து எனக்கு இரண்டு கதை ஆயிற்று. சாமி விளக்குக்காகப் புருஷனைச் சாகக் கொடுத்தவள், சாமியையே விட்டுப் போனவள். இரண்டும் ஒருத்தியாக எப்படி இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நான் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, முருகனைக் கும்பிடுகிறவள்தான். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், அந்தக் கோயிலிலிருந்து திரும்பிய சாயங்காலம்தான் என்னால் அந்த விளக்கை மறுபடி ஏற்ற முடிந்தது. பாட்டு ஒன்றும் பாடவில்லை, மந்திரம் சொல்லவில்லை. அந்தப் படத்தில் இருந்தவர்கள் மாதிரி சும்மா அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மனசு லேசாகவில்லை. ஆனால் உட்கார முடிந்தது.

மகன் கொஞ்ச நாளில் சிங்கப்பூரிலேயே அறை எடுத்துக்கொண்டான். பாலத்து நெரிசல் தாங்கவில்லை என்று காரணம் சொன்னான். செலவுக்கு அனுப்பினான், தீபாவளிக்கு வந்தான், சாயங்காலமே திரும்பினான். பிறகு வருவது கீழே கார் நிறுத்தும் இடத்தோடு நின்றது. பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். மேலே வர மாட்டான். வருஷங்கள் போயின.

போன வருஷம் நாத்தனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மகன் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். சிம்பாங் ரெங்கத்தில் அவர் வீட்டு முன்கூடத்திலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. சொல்ல ஒன்றும் தோன்றவில்லை, அதனால் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

பிறகு அவர் நல்ல கையை இழுத்து, சாமி மேடையைக் காட்டினார். மகன் தண்ணீரா, திருநீறா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில் அவன் சூடப் பொட்டலத்தைத் தொட்டான். அவர் கை கீழே இறங்கியது.

மகன் ஒரு கட்டியைத் தட்டில் வைத்தான். கொளுத்தவில்லை. என்னைப் பார்த்தான்.

சாகப்போகிறவர் கேட்கிறார். அந்தச் சிறையில் கிடந்தவர்களை நினைத்தேன். அவர்களுக்கு எதிரில் நின்றது நீதிபதி. எனக்கு எதிரில் படுத்திருப்பது என் வீட்டுக்காரரைத் தூக்கி வளர்த்தவர். அணைத்திருக்கலாமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நான் செய்தது சரி என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஆனால் நான் தட்டைத் தொடவில்லை. அவர் கையை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மழை ஆரம்பித்த காலையிலிருந்து சொன்னேன். மெத்தையை மேசை மேல் போட்டது, லாரி, சட்டைப் பையைத் தடவியது, நான் வேணாம் என்றது, என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, நீ ஏறி எனக்கு இடம் புடி என்றது.

அந்தக் கடைசி வார்த்தை நாத்தனார் காதில் முன்பு விழுந்ததே இல்லை. அனுப்பினாயா இல்லையா என்று மட்டும்தான் இத்தனை வருஷமும் எல்லாரும் கேட்டார்கள். தம்பி கடைசியாக என்ன சொன்னான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாத்தனார் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், சூடத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா, களைத்துப் போனாரா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் இறந்துபோனார். நம்பிவிட்டுத்தான் போனார் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத மாட்டேன்.

சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் மழை. மகன்தான் ஆரம்பித்தான்.

“அன்னைக்கு அணைச்சிருந்தா அத்தை நிம்மதியாப் போயிருப்பாங்க.”

“போயிருப்பாங்க.”

“தெரிஞ்சும் ஏம்மா?”

“நாளைக்கு நீ வேற ஒண்ணு கேப்ப. அதுக்கும் சூடம் தேடணும். நான் சாவுற வரைக்கும் உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு தட்டு இருக்கும்.”

கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. வெகுதூரம் போன பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அப்பாவுக்கு எடம் புடிச்சீங்களா?”

“புடிச்சேன். என் பையப் பக்கத்துல வெச்சிருந்தேன். ஒரு அம்மா கொழந்தையோட நின்னாங்க. ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். ஸ்கூலு வர்ற வரைக்கும் எடுக்கவே இல்ல.”

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தான். நான் அவன் முதுகைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். மழை கொஞ்சம் விட்டதும் வண்டியை எடுத்தான். அன்றைக்கு அவன் மேலே ஏறி வந்தான். விளக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நம்புகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது இதைச் சொல்ல நேர்ந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். பித்தளையை வெள்ளியாக்க வேண்டாம். என்னை நல்லவளாக்கவும் வேண்டாம், நாத்தனாரைப் பொல்லாதவராக்கவும் வேண்டாம். எனக்குத் தெரியாது என்று நான் விட்ட இடத்தில் உங்களுக்குத் தோன்றுவதைப் போட்டு நிரப்ப வேண்டாம். அவர் மருந்துக்கென்று போனார். நான் வேண்டாம் என்று சொன்னேன். அவர் இடம் பிடிக்கச் சொன்னார்.